பிள்ளை சொல்வதையும் கேட்போம்



பாரூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி வயிற்றுவலியால் துடிக்கும் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "நேற்றுத் தின்றது சேரவில்லை" என்கிறாள் தாய். "எங்கே வலிக்கிறது, தம்பி?" என்று மருத்துவர் கேட்டதும், பையன் வலது அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுகிறான். குடல்வாலில் அழற்சியோ என்று சோதித்துப் பார்க்க அந்த விரலே வழிகாட்டுகிறது. தாய் பொய் சொல்லவில்லை. ஆனால் வலிக்கும் இடம் பிள்ளைக்குத்தான் தெரியும்.

சமுதாயத்திலும் இப்படித்தான். பள்ளிக்குப் போகும் வழியில் எங்கே பயம், கூடப் படித்தவள் ஏன் பாதியில் நின்றுவிட்டாள் என்பதெல்லாம் பெரியவர்களின் காதுக்கு எட்டுமுன் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டால், கேடு முற்றுமுன் தடுக்கலாம்.

கேளாவிட்டால் என்ன ஆகும்? 2025 மார்ச் மாதம், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்திக்கு 14 வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். விருப்பமில்லை என்று சொல்லித் தாய்வீடு திரும்பியவளை, கதறக் கதறத் தூக்கிச் சென்றார்கள். பிறகு போலீசார் வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தனர். அவள் வாய்திறந்து சொன்னபோதே பெரியவர்கள் கேட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. இளவயதுக் கர்ப்பத்தில் வலிப்பு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் அதிகம் என்பதையும் மறக்கலாகாது.

நமக்கு அடுத்த கர்நாடகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1995-ல் குந்தாபுரம் தாலுகா கெராடியில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பஞ்சாயத்து அமைந்தது. 2006-ல், கிராமப் பஞ்சாயத்துகள் பிள்ளைகளுக்காகக் கிராம சபை கூட்டவேண்டும் என்று அம்மாநில அரசு உத்தரவிட்டது. பிள்ளைகள் தங்கள் குறைகளை அதிகாரிகளின் முன்னிலையிலேயே எடுத்துச் சொல்லுகிறார்கள்.

அப்படியானால் பிள்ளை கேட்டதையெல்லாம் செய்துவிட வேண்டுமா? இல்லை. இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை, பிள்ளையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பைத் தரவேண்டும் என்றே சொல்லுகிறது. முடிவு பெரியவர்களுடையதாயிருக்கலாம், கேட்காமல் முடிவெடுப்பதுதான் தவறு. நாகமானின் வீட்டிலிருந்த அடிமைச் சிறுமியின் வார்த்தையை அற்பமாக எண்ணித் தள்ளியிருந்தால், அவன் குஷ்டரோகம் நீங்கியிருக்குமா?

ஆகவே, வீட்டிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் பிள்ளை ஏதாவது சொல்லவந்தால், "சும்மா இரு" என்று அடக்காதிருங்கள். "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஆபத்திலிருக்கும் பிள்ளைக்காக, இரவானாலும் பகலானாலும், கட்டணமில்லாத 1098 என்ற எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.