ஆற்றுக்கு உரியவர் யார்?

இராஜஸ்தான் மாநிலத்து அல்வர் மாவட்டத்தில் ஆர்வரி என்னும் சிற்றாறு ஒன்று உண்டு. ஆரவல்லிக் குன்றுகளில் தோன்றி ஏறத்தாழ 45 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, பல்லாண்டுக்காலம் மழைநாட்களில் மட்டுமே நீர் கண்டு, எஞ்சிய மாதங்களில் வெறும் மணற்படுகையாய்க் கிடந்தது. மலைச்சரிவின் மரங்கள் அழிந்தமையும், முன்னோர் அமைத்த நீர்நிலைகள் பேணுவாரின்றித் தூர்ந்தமையுமே காரணங்கள். கிணறுகள் வற்றின, ஆடவர் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குச் சென்றனர், பெண்டிர் குடத்துடன் நெடுந்தொலைவு நடந்தனர்.

1985ஆம் ஆண்டில் தருண் பாரத் சங்கத்தைச் சார்ந்த இராஜேந்திர சிங்கும் அவர்தம் நண்பர்களும் இப்பகுதிக்கு வந்தனர். கல்வியும் மருத்துவமும் அளிக்க எண்ணி வந்தவர்களிடம் ஊர் முதியோர் தண்ணீரையே வேண்டினர் என்பது நாம் கருதத்தக்கது. போதிக்க வந்தோர் மாணாக்கராயினர். கோபால்புராவில் தூர்ந்து கிடந்த ‘ஜோஹாட்’ தோண்டப்பட்டது.

ஜோஹாட் என்பது சரிவில் வழிந்தோடும் மழைநீரை மறித்துப் பிறைவடிவில் எழுப்பப்படும் மண்கரையும் அதனுள் தேங்கும் நீருமாகும். நம் ஊர் ஏரிக்கு இஃது உறவுடையதே. ஆயினும் ஏரிநீர் மதகு வழியே வயலுக்குச் செல்ல, ஜோஹாட்டின் நீரோ பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்குகிறது. அதனால் நிலத்தடி நீர் உயர்ந்து கிணறுகள் ஊறுகின்றன. அந்நீர்மட்டம் ஆற்றுப்படுகையை எட்டும்போது ஆற்றிலும் ஊற்று எழுகிறது. ஆகவே ஆற்றை மீட்க விரும்பியோர் மேட்டுநிலத்திலேயே உழைத்தனர். ஊரார் உடலுழைப்பாகவும் பொருளாகவும் தம் பங்கை அளித்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட கரைகள் எழுந்தபின், 1990களின் நடுப்பகுதியில் ஆர்வரி ஆண்டு முழுவதும் ஓடலாயிற்று. மீன்களும் பெருகின.

சிக்கல் தோன்றியதும் அம்மீன்களாலேயே. 1996இல் அரசு மீன்பிடி உரிமத்தை ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு வழங்கிற்று. வறண்ட மணலை நாடி வராத உரிமையாளர், நீர் வந்ததும் வந்து நின்றார்! ஹமீர்ப்பூர் மக்கள் எதிர்த்து நின்றமையால் உரிமம் நீக்கப்பட்டது. எனினும், உழைத்து மீட்ட ஆறு சட்டப்படி தமதன்று என்னும் உண்மை அவர்களைச் சுட்டது. இதன் விளைவாக, 1999இல் ஆற்றங்கரையின் ஏறத்தாழ எழுபது ஊர்கள் கூடி ‘ஆர்வரி நாடாளுமன்றம்’ என்னும் அவையை அமைத்தன. கரும்பு போன்று மிகுதியாக நீருண்ணும் பயிர்களை விலக்குதல், மீன், மரம், மேய்ச்சல் ஆகியவற்றைக் காத்தல் முதலியன அவ்வவையின் விதிகள். அவற்றுக்குச் சட்டவலிமை கிடையாது. மீறுவோனை அவனுடைய அயலாரே தடுத்தாக வேண்டும்.

இம்முயற்சியை நாம் மிகைப்படப் போற்றுதல் தகாது. நிலமுடையோனின் கிணறு நிறைவதால் நிலமற்றவன் அடையும் பயன் யாது? மேற்பகுதியில் மண்ணுக்குள் இறக்கப்படும் மழைநீரில் ஒரு பகுதி கீழ்ப்பகுதி ஊர்களுக்கு ஓடி வாராது. மழை குன்றிய ஆண்டுகளில் இவ்விழப்பு பெரிதாகவே உணரப்படும். தம் ஆற்றைக் காக்கும் ஊர்கள் இவ்வினாக்களுக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டவை. அவ்விடை ஒப்பந்தக்காரரிடமோ தொலைவிலுள்ள அலுவலகத்திலோ கிடைக்குமென்று நாம் எண்ணவில்லை. மேலூராரும் கீழூராரும் ஒரே பாயில் அமரக்கூடிய அவையிலேயே அதனைத் தேட வேண்டும்.