ஆட்டிசம்: தெரபி செலவைச் சமாளிப்பது எப்படி?

“ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வாராவாரம் தெரபிக்கு வரணுமாம். அவ்வளவு காசுக்கு நாங்க எங்கே போறது?”

மணப்பாடு போன்ற கடலோர ஊர்த் தாய்மார்களின் நியாயமான கவலை இது. ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், வாரம் மூன்று முறை என்றால் மாதம் ஆறாயிரம். தூத்துக்குடிக்குப் போய்வர பஸ் செலவு தனி. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். வருமானம் நின்றாலும் பயிற்சியை நிறுத்த முடியாதே!

முதலில், தனியார் மையத்தில் பணம் கட்டும் முன், அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் பற்றிக் கேளுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை அங்கே சேவை இலவசம்.

அடுத்து, ஊனமுற்றோர் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்குங்கள். 2016-ம் ஆண்டு சட்டப்படி ஆட்டிசமும் அதற்குத் தகுதியுள்ள குறைபாடுதான். “பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்களே” என்று தயங்காதீர்கள். சலுகைகளின் கதவைத் திறக்கும் சாவி அது.

சான்றிதழ் இருந்தால், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீட்டில் சேரலாம். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிக்கும் அதில் குறிப்பிட்ட தொகை உண்டு. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. முதலில் நீங்கள் செலவழித்து, பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். எனவே டாக்டர் சீட்டு, ரசீது எதையும் தொலைக்காதீர்கள்.

பயிற்சியாளர் செய்வதைப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டு, தினமும் வீட்டில் செய்யுங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பேசிப் பழக்குவதற்குக் காசில்லை.

“மூணே மாசத்தில் முழுசாக் குணமாக்குறோம்” என்று யாராவது சொன்னால் நகையை அடகு வைத்துவிடாதீர்கள். ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து இதுவரை இல்லை. பொறுமையான பயிற்சிதான் பலன் தரும்.