பூட்டிய வாசிப்பானும் தமிழ் எழுத்தும்

செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய எதனையும் கொள்ளாமல் மும்மூர்த்திகளுக்கும் ஓர் ஆலயம் சமைத்ததாக, விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டுப் பாறையிலே ஏழாம் நூற்றாண்டில் வடமொழிச் சாசனம் பொறித்து வைத்த மகேந்திரவர்ம பல்லவன், அதில் தன்னை விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொள்கிறான். வழக்கமான சாதனங்களை விலக்கிவிட்டுக் கையிலிருக்கும் பொருளிலேயே புதியதைச் சாதிக்கும் அந்தச் சித்தம் இவ்வட்டாரத்தில் இன்னும் மங்கவில்லை என்பதற்கு, இங்குள்ள இளைஞர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்துவரும் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவே சான்று. ஆண்ட்ராய்டில் இயங்கும் மின்னூல் வாசிப்பானை உடையவரே திறந்து, தமக்கு வேண்டியவாறு திருத்திக்கொள்ளும் காரியமும் அதே இனத்தைச் சேர்ந்தது.

2011-இல் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனம் வெளியிட்ட நூக் சிம்பிள் டச் என்னும் கருவியை உதாரணமாகக் கொள்வோம். ஆறு அங்குல இ-இங்க் திரை; பக்கம் புரளும்போது மட்டுமே அத்திரை மின்சாரத்தைக் கோரும். உள்ளே இருந்தது ஆண்ட்ராய்ட் 2.1, ஆனால் வாங்கியவர் கண்ணுக்குப் புலப்பட்டதோ நிறுவனத்தின் புத்தகக் கடையும் அலமாரியும் மாத்திரமே. அம்மறைப்பை நீக்கி, அமைப்பின் முழு அதிகாரத்தையும் உடையவரிடம் ஒப்படைப்பதையே ரூட் செய்தல் என்கிறார்கள்.

நூக்கில் இதற்கொரு சௌகரியம் இருந்தது. விசையை அழுத்தியவுடன் அக்கருவி முதலில் மெமரி கார்டைத்தான் நாடும். ஆகவே தக்க மென்பொருளைக் கார்டில் எழுதிச் செருகினால், உள்ளிருக்கும் அமைப்பு உறங்கிக்கொண்டிருக்கையிலேயே அதனைத் திருத்திவிடலாம். எதைத் தொடுமுன்னரும் உள் நினைவகம் முழுவதையும் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துவது அவசியம்; பிரதியின்றி இறங்கியவர் ஒரு கோப்பு பழுதானாலும் கருவியையே இழக்க நேரிடும், உத்தரவாதமும் செல்லாது போகும்.

தமிழருக்கு இதன் பிரயோஜனம் யாது? ரூட் செய்தபின் தமிழ் எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் அக்காலத்து ஆண்ட்ராய்டில் அதனால் மட்டும் இடர் தீராது. 'தெரு' என்ற சொல்லைக் கணினி, தகரத்தை முதலிலும் கொம்பை அதன் பின்னும் வைத்துச் சேமிக்கிறது. திரையில் வரையும்போதோ கொம்பு முன்னே வரவேண்டும், ரகரமும் உகரக் குறியும் ஓருருவாக இணைய வேண்டும். இவ்வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் இல்லாவிடில், கொம்பு பின்னே ஒட்டி நிற்க, உகரக் குறி தனித்துத் தொங்கும். இந்தக் கோலத்தில் ஒரு பக்கத்தைக் கூடப் படிக்க எனக்கு மனம் ஒப்பாது.

படைப்பாளிகளின் சம்மதத்தோடு தமிழ் நூல்களை இலவசமாக வழங்கும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் திட்டத்தார், இபப், மோபி வடிவங்களோடு ஆறு அங்குலப் பி.டி.எஃப். ஒன்றையும் அளித்து வந்தது இத்தகைய கருவிகளை உத்தேசித்தே. பி.டி.எஃபில் எழுத்தின் உருவம் முன்கூட்டியே நிலைபெற்றுவிடுவதால் கொம்பு இடம் மாறுவதில்லை. ஆனால் முதியவர் ஒருவர் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளைத் திரைக்கேற்ப மடித்துக்கொள்ள அது எளிதில் இடங்கொடாது.

இன்று புதிய ஆண்ட்ராய்ட் வாசிப்பான்களில், பூக்ஸ் போன்றவற்றில், ரூட் செய்யாமலே கே.ஓ.ரீடர் என்னும் கட்டற்ற செயலியை நிறுவிக்கொள்ளலாம். ஹார்ஃப்பஸ் அதனுள்ளேயே அடங்கியிருப்பதால், விரும்பிய தமிழ் எழுத்துருவை அதன் எழுத்துருக் கோப்புறையில் இட்டு, இபப் நூலைத் திறந்தால் போதும். எழுத்தின் பருமனையும் வரி இடைவெளியையும் கண்ணுக்கு இதமாக வைத்துக்கொள்வது வாசகர் சித்தம்.