பழைய காருக்குள் புதிய எஞ்சின்

ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய பிரித்தானியக் கார்கள் அளவெட்டி உட்பட யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களில் தலைமுறை தாண்டி ஓடியவை. 1990க்குப் பின் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த அந்த எஞ்சின்கள் அதைத் தாங்கின. இன்றைய எஞ்சின் தாங்காது.

ஆனால் எந்த எஞ்சினுக்கும் தேய்மானம் உண்டு. அது தேய்ந்ததும் கராஜ்காரர் யப்பானிய எஞ்சினைத் தேடுவர். மொறிஸ் மைனரின் 948 சிசி எஞ்சின் தருவது 37 குதிரைவலு. அதன் இடத்தில் 1171 சிசி டட்சன் ஏ12 பூட்டினால் வலு கணிசமாகக் கூடும். டட்சனைச் செய்த நிசான் 1950களில் ஒஸ்ரினிடம் உரிமம் பெற்று அதன் கார்களைச் செய்து தொழில் பழகிய நிறுவனம். மாணவனின் எஞ்சின் குருவின் உடலுக்குள் போகிறது என்றே சொல்லலாம்.

எஞ்சினை இறக்கி வைப்பது பாதி வேலைதான். தாங்கிகளைப் புதிதாக வெட்டி ஒட்டவேண்டும். கியர்பொக்ஸும் மாறுவதால் பின்சில்லுக்குப் போகும் தண்டின் நீளம் மாறும். ரேடியேற்றர் சிறிதென்றால் வெயிலில் கொதிக்கும். எஞ்சின் பெரிதாகப் பெரிதாக முன்பாரம் கூடி ஸ்ரியறிங் கனக்கும். எல்லாவற்றிலும் முக்கியம் பிரேக்: 37 குதிரைவலுவுக்கென அமைந்த டிரம் பிரேக்கை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் கூட்டுவது ஆபத்து.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருப்பதால், மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவும் வேண்டும்.