உங்களுக்குத் தெரியுமா? வீடுகளை வேண்டாமென்ற பெர்லின்

2008-இல் மூடப்பட்ட டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தின் 300 ஹெக்டேருக்கும் மிகுந்த திடல் 2010-இல் பூங்காவாயிற்று. அதன் ஓரங்களில் ஏறத்தாழ 4,700 வீடுகளைக் கட்ட பெர்லின் அரசு வகுத்த திட்டத்தை, 2014 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், அதாவது ஒரு சட்டத்தைக் குடிமக்களே நேரடியாக வாக்களித்து முடிவுசெய்யும் முறையில், வாக்களித்தோரில் சுமார் 64 விழுக்காட்டினர் நிராகரித்தனர். வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக நிலவும் நகரில் இது முரணாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வீடுகளில் எளியோருக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்குப் போதிய அளவு ஒதுக்கப்படும் என்பதைப் பலர் நம்பவில்லை என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. வாடகை குறித்த இத்தகைய கவலையோடு, 2021 செப்டம்பரில், 3,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளை உடைய தனியார் வீட்டு நிறுவனங்களின் உடைமையை இழப்பீடு கொடுத்துப் பொதுவுடைமையாக்க வேண்டுமென்று அதே நகரத்தார் பெரும்பான்மையாக வாக்களித்தனர். ஆனால் அவ்வாக்கு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத பரிந்துரையாகவே அமைந்தது.