விதையூறலும் வறள்நில விவசாயமும்

மானாவாரி நிலத்தில் இடப்பட்ட விதை முளைப்பதற்கு முதலில் நீரை உறிஞ்சுதல் வேண்டும். அதற்குள் மேல்மண் உலர்ந்துவிடின் முளை வெளிவராது. அத்தாமதத்தை விதைப்புக்கு முன்னரே குறைத்துக்கொள்வதே ஊறவைத்தலின் அடிப்படையாகும்.

1990களில் மேற்கிந்தியாவின் வறள் பிரதேசங்களில் ஆய்வாளரும் விவசாயிகளும் இணைந்து இதனைப் பரிசோதித்தனர். மக்காச்சோளம், நெல் ஆகியவற்றுக்கு 24 மணித்தியாலம் பாதுகாப்பான எல்லை எனக் கண்டனர். நடைமுறையில் ஓரிரவு ஊறலே போதுமானது. எல்லை கடந்து ஊறிய விதை, மண்ணில் ஈரமில்லாதபோதும் முளைவிட்டு மடியும். ஊறியதும் மேற்பரப்பை மட்டும் உலர்த்தி விதைத்தல் வேண்டும்.

இதற்கு வேண்டுவது வெறும் நீரே. கடன்பட்டு உள்ளீடுகளை வாங்கும் சிறு விவசாயிக்கு இது எளிதிற் பண்டமாக்க முடியாததொரு தொழில்நுட்பம். இதன் சமூக முக்கியத்துவம் இங்கேயே உளது. ஆயின் ஊறவைத்தல் முளைத்தலை விரைவுபடுத்துமேயன்றி மழைக்கு ஈடாகாது. நிலவுடைமை, நீர்ப்பங்கீடு ஆகிய பிரச்சினைகளுக்கும் அது விடையன்று.