ஒரு தடவை கழுவினால் போதும்

சென்னை லயோலா கல்லூரிக்குப் பெயர் தந்த புனித லயோலா இஞ்ஞாசியார், 1522இல் ஸ்பெயினின் மன்ரேசா நகரில் தங்கியிருந்தார். குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவார். 'எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோமோ' என்று மனம் அரிக்கும். மறுபடி குருவிடம் ஓடுவார். பாவங்களை எழுதிக் கொடுத்தும் தீரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்ததாக அவரே தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். "மிகத் தெளிவாக நினைவிருந்தால் ஒழிய, பழைய பாவங்களை இனிச் சொல்லாதே" என்றார் குரு. பயனில்லை, இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே தெளிவாக நினைவிருந்தது! பழையதை இனிச் சொல்வதே இல்லை என்று முடிவெடுத்த பிறகுதான் நிம்மதி கிடைத்தது.

இன்றைய மனநல மருத்துவருக்கு இந்தக் கதை நன்கு பழக்கமானது. எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி, பக்திமான்களைப் பிடிக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

வேண்டாத எண்ணம் யாருக்கு வராது? ஸ்டான்லி ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத 124 பேரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் தங்களுக்கும் அப்படி எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். சாமி கும்பிடும்போது ஓர் ஆபாச எண்ணம் குறுக்கிட்டால் மற்றவர்கள் 'சீ' என்று தள்ளிவிட்டுப் போவார்கள். ஓசிடி உள்ளவரோ 'நினைத்ததே பாவம்' என்று பதறி, மந்திரத்தை முதலிலிருந்து சொல்வார். பதற்றம் தணியும். அந்தச் சடங்குதான் காப்பாற்றியது என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கேட்கும்.

இந்தச் சங்கிலியை அறுக்கும் வழியை 1966இல் லண்டனில் விக்டர் மேயர் காட்டினார். அச்சத்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். சடங்கைச் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும். இதுதான் ஈஆர்பி சிகிச்சை. பலருக்கு மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது.

பக்தருக்கு இங்கே ஒரு சிக்கல். 'டாக்டர் என்னைப் பாவம் செய்யச் சொல்கிறாரே!' என்று பயப்படுவார். அதனால்தான் மதம் உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்பதை, நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர்கள் மதகுருவிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் ஒளுவை எடுத்துக்கொள்வோம். உறுதியானதைச் சந்தேகம் நீக்கிவிடாது என்பது இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. 'வஸ்வாஸ்' எனப்படும் ஓயாத ஊசலாட்டம் உள்ளவர் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்றே அறிஞர்கள் வழிகாட்டுகிறார்கள். கை, முகம், கால் என ஒவ்வொன்றையும் ஒரு தடவை முழுமையாகக் கழுவினாலே கடமை நிறைவேறிவிடும்; மூன்று தடவைக்கு மேல் கழுவத் தேவையே இல்லை. சிகிச்சையில் அவர் ஒரே தடவை கழுவுவார், குழாயை மூடுவார். 'முழங்கை நனைந்ததா?' என்ற சந்தேகம் குடையும். அதைத் தீர்க்காமலே தொழப் போவார். பதற்றம் ஏறும், பழகப் பழகத் தானாக இறங்கும். அவர் விட்டது நோயின் சட்டத்தை. மார்க்கத்தின் சட்டம் அப்படியே இருக்கிறது.

முஸ்லிம்கள் ஹஸ்ரத் என்று அழைக்கும் மதகுருவுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. "ஹஸ்ரத், என் தொழுகை கூடுமா?" என்று தினமும் போனில் கேட்பதும் கை கழுவுவதைப் போன்ற சடங்குதான். அன்பினால் தரும் ஒவ்வொரு பதிலும் நோய்க்குத் தீனி. முதல் தடவை தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி கேட்டால் "முன்பே சொல்லிவிட்டேனே" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் ஹஸ்ரத், சிகிச்சையில் பாதி வேலையைச் செய்துவிடுகிறார்.